ரசீதுக் கம்பியும் கைப்பேசியும்

நம் இல்லங்களில் முன்பெல்லாம் திருஇருதய ஆண்டவரின் படத்திற்கு எதிர்ச் சுவரிலோ, அடுக்களைக் கதவின் பின்புறத்திலோ வளைந்த கம்பி ஒன்று ஆணியில் தொங்குவதைக் காணலாம். மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, ஆயுள் காப்பீட்டுத் தவணைச் சீட்டு, எரிவாயு உருளைக்குப் பணம் கட்டிய சீட்டு, கோவில் வரிச் சீட்டு ஆகிய யாவும் வந்த வரிசையிலேயே அதில் குத்தப்பட்டிருக்கும். அடியில் இருப்பது பழையது; மேலே இருப்பது புதியது. எழுத்தறியாத பாட்டியும் காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே, "இந்தத் தடவை கரண்டுக்குக் கட்டியாயிற்று" என்று சொல்லிவிடுவார். அக்கம்பிக்குப் பூட்டு இல்லை. வீட்டில் உள்ளோர் யாவருக்கும் அது பொது.

இன்று அந்தக் கம்பி பெரும்பாலான வீடுகளில் இல்லை. இருந்தாலும் பல மாதங்களாகப் புதிய சீட்டு ஏறாமல் துருப்பிடித்து நிற்கிறது. மின் கணக்கெடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எழுதிச் சென்ற காலம் போய், கட்டவேண்டிய தொகை கைப்பேசிக்குச் செய்தியாக வருகிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்திற்குச் சட்ட மதிப்பை அளித்தபோது, அது நம் அடுக்களைக் கதவு வரை வந்து சேரும் என்று யார் எண்ணினோம்? 2015இல் டிஜிலாக்கர் வந்தது, 2016இல் யு.பி.ஐ. வந்தது, 2017இல் தமிழகத்தில் பக்கம் பக்கமாய் முத்திரை குத்திய குடும்ப அட்டை மறைந்து சிறிய மின்னணு அட்டை கைக்கு வந்தது, 2020 நவம்பரிலிருந்து எரிவாயு உருளையைப் பெறுவதற்கும் கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் வந்தபோது முணுமுணுத்தோம். பின்னர் பழகிக்கொண்டோம்.

இம்மாற்றத்தைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. காகிதத்திற்காக நம் மக்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் நான். ஒரு சாதிச் சான்றிதழுக்காக மூன்று நாள் கூலியை இழந்து வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்றவர்களை அறிவேன். அதே விண்ணப்பத்தை இன்று இ-சேவை மையத்தில் அரைமணி நேரத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். மத்திய அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், தாம் இன்னும் உயிரோடு இருப்பதாகச் சான்று காட்ட வங்கிப் படியேறிய காட்சியை மறக்க முடியுமா? 2014 நவம்பரில் மின்னணு உயிர்வாழ்வுச் சான்று வந்தது. 2020இல் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை பெறும் வசதி வந்தது. 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றாயிற்று. படுக்கையில் கிடந்த இரயில்வே ஓய்வூதியர் ஒருவர், நற்கருணை கொண்டுசென்ற என்னிடம், "சாமி, இந்த வருஷம் அரசாங்கமும் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது" என்று கூறிச் சிரித்தார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 211ஆம் எண்ணில், படைப்பைப் பேணும் அன்றாடச் சிறு செயல்களுள் நெகிழியையும் காகிதத்தையும் தவிர்ப்பதும் இடம்பெற்றுள்ளது. (காகிதம் யாவும் மரத்தை வெட்டியே வருகிறது என்று எண்ண வேண்டாம், கரூர் அருகே காகிதபுரத்து ஆலை 1980களிலிருந்தே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருகிறது.) மேலும், காகிதம் என்றும் நிலைக்கும் என்பதும் நம் நினைப்பே. பணம் எடுக்கும் இயந்திரம் தரும் வழவழப்பான சீட்டை வெயில் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். சில மாதங்களில் எழுத்து மறைந்து வெறும் தாள் மிஞ்சும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தபோது, தாமிரபரணிக் கரை வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த பத்திரங்கள் கூழாயின. கணினியில் பதிவு இருந்தவர்கள் மறுபிரதி பெற்றனர்.

ஆயினும் அந்தக் கம்பி செய்துவந்த ஒரு வேலையை இன்று யாரும் செய்வதில்லை. அதைப் பற்றியே எனக்குக் கவலை.

நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த ஒருவர் தம் 46ஆம் வயதில் மாரடைப்பால் ஒரே இரவில் இறந்தார். நல்ல உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லாதவர். மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்துவந்தார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் பயின்றுவந்தனர். வீட்டு வரவு செலவு முழுவதையும் அவர் தம் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்வார். மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், கடன் தவணை, எரிவாயு எதற்கும் வரிசையில் நின்றதில்லை. எதற்கும் ஒரு துண்டுச் சீட்டும் வீட்டுக்கு வந்ததில்லை. "அவர் பார்த்துக்கொள்கிறார்" என்று மனைவியும் இருந்துவிட்டார். இதில் யாரைக் குற்றம் சொல்வது? அன்பினாலேயே அப்படி இருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்கைப்பேசி ஓயாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அதைத் திறக்கும் விரலோ கல்லறையில் இருந்தது. அடக்கத்திற்கு முன்பே விரலை வைத்துத் திறந்திருக்கலாமே என்று உறவினர் ஒருவர் கூறியபோது, அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சொல்லின் கொடுமை சொன்னவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதிலும் உலக நியாயம் இல்லாமல் இல்லை.

எங்கள் பங்கில் வங்கி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். வின்சென்ட் தே பவுல் சபையில் பல்லாண்டு உழைத்தவர். நான் கேட்டுக்கொண்டபடி அவர் அவ்வீட்டுக்கு வந்தார். முதலில், கைப்பேசியிலிருந்த சிம் அட்டையை எடுத்து வீட்டிலிருந்த பழைய பொத்தான் பேசியில் போட்டார். மறுநாளிலிருந்து வந்த செய்திகளைப் படிக்க முடிந்தது. "அந்த எண்ணுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. சில மாதம் சும்மா கிடந்தால் எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்" என்றார். அத்துடன் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்: வரும் செய்திகளைப் படிக்கலாம், ஆனால் இறந்தவர் கணக்கிலிருந்து அந்த எண்ணைக் கொண்டு ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது, முதலில் இறப்புச் சான்றிதழுடன் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் இவ்விடத்தில்தான் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகிறார்கள் என்றார்.

அடுத்து, பீரோவின் அடித்தட்டில் இருந்த வங்கிப் பாஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். பதினான்கு மாதமாக அதில் ஒன்றும் பதியப்பட்டிருக்கவில்லை. நெடுநாள் பதியாத புத்தகத்தைக் கொடுத்தால் இயந்திரம் பல வரவு செலவுகளைச் சேர்த்து ஒரே வரியாக அடித்துவிடுவதும் உண்டு. ஆகவே பெரியவர் மூன்றாண்டுக் கணக்கு விவரத்தைத் தனியே எழுதிக் கேட்டு வாங்கினார். அன்று மாலை பங்கு இல்லத் தாழ்வாரத்தில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மே மாத இறுதியில் 436 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு மே மாதத்திலும் அதே தொகை. அதற்கு முந்தைய ஆண்டிலும் அதுவே.

"சாமி, இரண்டு இலட்சம் இருக்கிறது" என்றார் அவர்.

வங்கிக் கணக்கு உள்ளோருக்காக 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 18 முதல் 50 வயதுக்குட்பட்டோர் சேரலாம். 55 வயது வரை காப்பு உண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 330 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஜூன் முதல் 436 ரூபாயாயிற்று. எக்காரணத்தால் இறந்தாலும் நியமனதாரருக்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். பட்டறைக்காரர் ஒருநாள் கைப்பேசியிலேயே சம்மதம் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார். மனைவியின் பெயரையே நியமித்திருக்கிறார். அதைச் சொல்ல மறந்தாரோ, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினாரோ, அறியோம். வீட்டுக்கு ஒரு சீட்டு வந்திருந்தால் அது கம்பியில் ஏறியிருக்கும். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த பின்னர் சில வாரங்களில் பணம் வந்தது. பிள்ளைகளின் படிப்பு தடைபடவில்லை. அதே கணக்கு விவரத்திலிருந்து மனைவி அறியாத கடன் ஒன்றும் தெரியவந்தது. அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

இறைவாக்கினர் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை நான் குருமடத்தில் பயின்றபோது, அதை நம்பிக்கையின் அடையாளம் என்ற அளவில் மட்டுமே குறித்துக்கொண்டேன். பாபிலோனியர் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது; இறைவாக்கினரோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் அனத்தோத்தில் உள்ள நிலத்தைத் தம் உறவினரிடமிருந்து 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். கிரயப் பத்திரம் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். பத்திரம் இரண்டு படிகள்: ஒன்று முத்திரையிட்டு மூடியது, மற்றொன்று திறந்தது. இரண்டையும் எல்லார் கண்முன்னும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் கெடாதிருக்குமாறு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். மூடிய படியை யாரும் திருத்த முடியாது. திறந்த படியை யாரும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் வேண்டியிருந்தது.

இன்றைய கைப்பேசி மூடிய படியைப் போன்றது. அதைவிட உறுதியான முத்திரை எருசலேமில் இருந்திருக்காது. நம் வீட்டுக் கம்பி திறந்த படியாய் இருந்தது. மூடியதை மட்டும் வைத்துக்கொண்டு திறந்ததைக் கைவிட்டோம் என்பதே என் எண்ணம்.

இதைச் சொல்லும்போது, "சாமி, உங்கள் அலுவலகத்தில் மட்டும் இன்னும் அந்தப் பெரிய நோட்டுப் புத்தகங்கள் ஏன்?" என்று இளைஞர்கள் என்னை மடக்குவதுண்டு. நியாயமான கேள்வி. 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக்குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்கப் பணித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் ஏடுகளைக் கவனமாகப் பேணச் சொல்கிறது. ஒருவருக்குத் திருமணம் ஆனால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே அதைக் குறித்துவைக்க வேண்டும். துபாயிலோ பெங்களூரிலோ திருமணம் நிச்சயித்தவர்கள் நம் சிற்றூர்ப் பங்குக்கு எழுதிக் கேட்பது அதனால்தான். கணினியிலும் பெயர்களை ஏற்றிவருகிறோம். தேடுவதற்கு அது பெரும் உதவி. ஆனால் மற்றொரு செய்தியையும் அவ்விளைஞர்களுக்குச் சொல்வேன். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பு, பங்கு ஏடுகளின் படியை ஆண்டு முடிவில் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்திருந்தது. பங்குக்குரு மாறினாலும் இறந்தாலும் மக்களின் விவரம் அவரோடு மறைந்துவிடக் கூடாது. குடும்பத்திற்கும் இதே அளவு முன்யோசனை வேண்டாமா?

திருமண ஆயத்த வகுப்புகளில் இதைப் பற்றிப் பேசினால், மாப்பிள்ளைகள் சிலர் நெளிகிறார்கள். "அவளுக்கு எதற்குச் சாமி இந்தத் தலைவலி, நான்தான் இருக்கிறேனே" என்று ஒருவர் கேட்டார். அவர் இருக்கும்வரை சரி. திருச்சபைச் சட்டம் திருமணத்தை வாழ்வு முழுவதற்குமான கூட்டுறவு என்கிறது. கடவுச்சொல் தெரிந்தவர் ஒருவர், கேட்டு வாங்குபவர் ஒருவர் என்பதைக் கூட்டுறவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு அவன் எண்ணையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவைத்த வீடுகளும் உள்ளன. மின்கட்டணச் செய்தி மஸ்கட்டுக்குப் போகிறது. விளக்கு இங்கே அணைகிறது. அவன் இரவுப் பணியில் உறங்கி எழும்வரை எரிவாயு கொண்டுவந்தவர் வாசலில் நிற்கிறார். தாய்க்குத் தன் வீட்டுக் கணக்கைத் தானே அறிய வழியில்லை.

காகித காலத்திலும் மறைந்துபோன பணம் ஏராளம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக்கு மேல் யாரும் உரிமை கோராமல் கிடக்கும் வங்கி வைப்புத் தொகைகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அத்தொகை 78,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி கைப்பேசிக்கு முந்தைய பழக்கத்தால் விளைந்ததாகவே இருக்கும்; சொல்லாமல் வைத்திருப்பது நம் பழைய வழக்கம். அவ்வாறு கிடப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. இறந்துபோன தந்தையின் பெயரையும் பிற அடையாளங்களையும் கொடுத்துத் தேடலாம்.

முதியோரின் இடர்ப்பாடு வேறு வகை. வாழ்நாளெல்லாம் பீடி சுற்றிய விரலையும் உப்பளத்தில் உழைத்த விரலையும் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. அமிலத் தாக்குதலில் கண் சிதைந்த பெண்களைக் கண் சிமிட்டிக் காட்டச் சொன்ன முறையைப் பற்றிய வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது; நம் பாட்டிமார் இன்னும் கடைத்தெருப் பையனிடம் கைப்பேசியைக் கொடுத்து, வந்த எண்ணையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று மிரட்டும் பொய்ச் செய்திக்கு அஞ்சிப் பணத்தை இழந்தவர்கள் பலர். நாமே அந்த எண்ணைச் சொல்லிவிட்டோமானால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போகும் பணத்திற்கு நாமே பொறுப்பு என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடாமல் வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கில் இப்போது குடும்பங்களுக்கு ஒரு எண்பது பக்க நோட்டைப் பரிந்துரைக்கிறேன். கணக்கு எந்த வங்கியில், காப்பீடு எங்கே, யாருக்குக் கடன், யாரிடம் வரவு, எந்தக் கைப்பேசி எண் எதற்குக் கொடுக்கப்பட்டுள்ளது, நியமனதாரர் யார் என்பவை அதில் இருந்தால் போதும். கடவுச்சொல்லையும் இரகசிய எண்ணையும் அதில் எழுதக் கூடாது. அவை இல்லாமலே உரியவர் உரிமை கோர முடியும், எங்கே கோருவது என்று தெரிந்தால். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது என்பதையும் அண்ணன் தம்பிமார் இப்போதே அறிந்துவைத்திருந்தால் எனக்கு வழக்குத் தீர்க்கும் வேலை குறையும்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டாம் திருப்பலிக்குப் பின், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவரும் கல்லூரி மாணவியர் இருவரும் பங்கு இல்லத் தாழ்வாரத்தில் மேசை போட்டு அமர்கிறார்கள். மக்கள் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும் என்பது ஒன்றே நான் வைத்த நிபந்தனை. சென்ற மாதம் இரண்டு வீட்டாரின் புத்தகத்தில் 436 இருந்தது. இருவரின் மனைவியருக்கும் அது புதிய செய்தி. மற்றொருவரின் புத்தகத்தில் 20 ரூபாய் மட்டும் கழிந்திருந்தது. அது விபத்துக் காப்பீடு. நோயால் இறந்தால் அதில் ஒன்றும் வராது என்று அந்த மாணவி விளக்கினாள். அவருக்கு வயது 41. திங்கட்கிழமை காலை வங்கி திறக்கும்போதே மனைவியுடன் வாசலில் நின்றாராம்.